பிரதம விருந்தினருக்குப் பலத்த கரகோஷம்

விடியக்காலையில் பல் தீட்ட முன்னமே பூப்படம் போட்டு, மன்னிப்புத்தான் மருந்து என்று கைத்தொலைபேசியில் அனுப்புகிற என் வயதுக்காரர்களே, கொஞ்சம் பொறுங்கள். எனக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்வதில்லை. படி ஏறினால் முழங்கால் முறுக்குச் சாப்பிடுவதுபோல் சத்தம் போடுகிறது. கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறேன். நேற்று என்ன சமைத்தேன் என்று கேட்டால் யோசிக்கவேண்டியிருக்கிறது. ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு பெரிய மனிதர் என் தோளில் கை வைத்துச் சொன்னதை இப்போதும் ஒரு சொல் பிசகாமல் சொல்லுவேன். அதை மன்னிக்கச் சொல்லி எனக்குப் பூப்படம் அனுப்பவேண்டாம்.

உங்களுக்கும் அந்தக் காலம் நினைவிருக்கும். சூரிச்சுக்குத் தெற்கே, ஆற்றோரமாக ஒரு சின்ன ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு சூரிச்சில் லாங்ஸ்ட்ராஸ என்ற தெருப் பக்கத்தில் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. அம்மா பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவா. இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த எங்களுக்கு எஃப் அனுமதி. போ என்று சொன்னால் போகவேண்டிய அனுமதி. அதனால் எங்கள் வீட்டில் எல்லாம் மெதுவாகத்தான் நடந்தது. மெதுவாகக் கதைத்தோம், மெதுவாகக் கதவைச் சாத்தினோம், கீழ்வீட்டுக் கிழவிக்குக் கேட்டுவிடும் என்று தேங்காய்கூட துவாயில் சுற்றித்தான் உடைத்தோம். நான் மட்டும் வேகமாக இருந்தேன்.

ஓட்டத்தைத்தான் சொல்லுகிறேன். பள்ளிக்கூட மைதானத்தில் பெடியன்களையும் சேர்த்து முந்திக்கொண்டு ஓடினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் ஓட்டக் கழகத்தின் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டார். கழுத்து சிவந்த, உயரமான மனிதர். எந்நேரமும் தசைக்குப் பூசும் தைலம் மணக்கும். கத்தமாட்டார், யாரையும் ஏசமாட்டார். ஊர்ச்சபையிலும் இருந்தார். தெருவில் கண்டால் அப்பா தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் வணக்கம் சொல்லுவார்.

ஆணிச் சப்பாத்து பழைய சாமான் கடையில் வாங்கினோம். ஒரு சைஸ் பெரிது. அம்மா நுனியில் பஞ்சு அடைத்துத் தந்தா. மழைநாளில் அந்தப் பஞ்சு ஊறி, ஓடும்போது பிசுக் பிசுக் என்று சத்தம் வரும். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன், பிறகு அவர்களை முந்துவேன். பச்சைநிறச் சப்பாத்து, பக்கத்தில் வெள்ளைக் கோடு. வீடு மாறியபோது எந்தப் பெட்டியோடு போனதோ, தெரியாது. எத்தனையோ தங்கச் சாமான் வாங்கித் துலைத்திருக்கிறேன், அந்தச் சப்பாத்துக்குப் போல் ஒன்றுக்கும் கவலைப்படவில்லை.

எங்கள் கழகத்துக்கு அந்த வருடம் நல்ல யோகம். நான்கு பேர் ஓடும் அஞ்சல் ஓட்டத்தில் கன்டோன், அதாவது மாநில, இறுதிப் போட்டிக்குப் போயிருந்தோம். கழகம் தொடங்கிய காலத்திலிருந்து அது நடக்கவில்லையாம். நான்தான் கடைசி ஆள். அஞ்சல் ஓட்டம் ஓடினவர்களுக்குத் தெரியும், கடைசி ஓட்டம் என்றால் என்னவென்று. மற்ற மூன்று பேரும் கோலைக் கையளிப்பதற்காக ஓடுவார்கள். கடைசி ஆள் மட்டும்தான் முடிவுக்கோட்டைப் பார்த்து ஓடுவாள். படுக்கையில் கண்ணை மூடினால் அந்தக் கோடுதான் எனக்குத் தெரியும். உலகத்தில் வேறொன்றும் அப்போது எனக்குத் தேவைப்படவில்லை.

ஒரு வியாழக்கிழமை பயிற்சி முடிந்ததும் பயிற்சியாளர் என்னைச் சாமான் அறைக்குக் கூப்பிட்டார். தோல் மெத்தைகள் அடுக்கிய அறை, புழுங்கின மணம். மெத்தையில் இருக்கச் சொன்னார். தோளில் கை வைத்தார்.

“நீதான் எங்களிடம் வேகமான பிள்ளை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால், கடைசி ஓட்டம் ஓடுகிறவளைத்தான் பேப்பரில் படம் போடுவார்கள். அந்தப் படத்தில் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி நின்றால்தான் இங்கே சனத்துக்குச் சந்தோஷமாக இருக்கும். நீ கெட்டிக்காரி, உனக்கு இது விளங்கும்.”

எங்கள் நால்வரில் ஒருத்தி, வைத்தியரின் மகள், கடைசியில் ஓடுவாள் என்றார். நான் இரண்டாவதாக, வளைவில். அந்த இடத்தை யாரும் படம் பிடிப்பதில்லை. அந்த வைத்தியரின் மகள் ஊருக்கு வந்து இரண்டு வருடம், நான் வந்து ஏழு வருடம். இதெல்லாம் சொல்லவேண்டும் என்று வாய்வரை வந்தது. அதற்குள் சட்டைப்பையிலிருந்து ஒரு சொக்லேட்டை எடுத்து என் கையில் வைத்தார். நன்றி சொல்லி வாங்கி, ஆற்றுப் பாலத்தில் நின்று அழுதுகொண்டே அதைத் தின்றேன். தின்றேனே என்று இன்றைக்கும் என்னையே ஏசிக்கொள்கிறேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா அடுப்பை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தா. அப்பா நிலத்தைப் பார்த்தார்.

“பெரிய மனுசன். அவர் ஏதோ யோசிச்சுத்தான் செய்வார். நீ எதிர்த்துக் கதைச்சனியோ?”

“இல்லை அப்பா.”

“நல்ல காரியம் செய்தாய். இதை நான் பாக்கிறன் பிள்ளை. ஆக்களை வளைக்கிற விதம் கிடக்கு.”

அடுத்த சனிக்கிழமை ஜெனீவாவில் நம்மவர்களின் ஊர்வலம். உங்களில் அரைவாசிப்பேர் அந்தப் பேருந்துகளில் வந்திருப்பீர்கள். புளிச்சோற்றுப் பொதி, பின் ஆசனத்தில் வாந்தி எடுக்கும் சின்னதுகள், தடியில் ஆணி அடித்த அட்டைகள். ஐ.நா. வாசலில் போய் இறங்கியதும் என் அப்பா வேறு மனிதராகிவிட்டார். கழுத்து நரம்பு புடைக்க, மனித உரிமை வேண்டும், சமத்துவம் வேண்டும் என்று கத்தினார். பிரெஞ்சு பேசும் பொலிஸ்காரன் பக்கத்தில் நின்றான், அப்பா அவனைக் கணக்கெடுக்கவே இல்லை. தேங்காயைத் துவாயில் சுற்றி உடைக்கிற மனிதரா இவர் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். என் அப்பாவை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

திரும்பி வரும்போது பேருந்தில் கேட்டேன்.

“அப்பா, இஞ்ச இவ்வளவு சத்தமாக் கத்தினீங்கள். என்ர விசயத்தில ஏன் ஒண்டும் கேக்கேல்லை?”

அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. “அது ஒரு இனத்தின்ர பிரச்சினை. இது உன்ர ஓட்டப்பிரச்சினை. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதை.”

முன் ஆசனத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது தெரியும். இப்போது தெரிந்து என்ன, பேருந்து போய்விட்டது.

அப்பா சொன்ன ‘வளைக்கிற விதம்’ என்னவென்று சில நாளில் வெளிவந்தது. நம்மவர்களின் வருடாந்த விளையாட்டுப் போட்டி எங்கள் ஊர் மைதானத்தில் நடக்க ஏற்பாடாகியிருந்தது. பிரதம விருந்தினராக ஒரு வெள்ளைக்காரர் தேவை. நம் ஆட்களுக்கு ஒரு வெள்ளைக்காரர் மேடையில் இருந்தால்தானே நிகழ்ச்சி நிகழ்ச்சி மாதிரி இருக்கும். அப்பா எழும்பி என் பயிற்சியாளரின் பெயரைச் சொல்லிவிட்டார்.

“மாலை விழுந்த கழுத்து பிறகு எங்களுக்கு எதிராத் திரும்பாது” என்று அம்மாவுக்கு விளக்கினார். இலங்கையில் பள்ளிக்கூட அதிபரை, மாவட்டக் கச்சேரி அதிகாரியை, பொலிஸ் பெரியவரை எல்லாம் அப்படித்தான் வளைத்தார்களாம். அடித்தவனின் கையையே பிடித்து அதற்குக் காப்புப் போட்டுவிடுகிற புத்தி. இந்தப் பிழையை நம்மைத் தவிர வேறு யாரும் இவ்வளவு அழகாகச் செய்யமாட்டார்கள்.

அம்மாவும் பக்கத்து வீட்டு அன்ரிமாரும் கடையில் கார்னேசன் பூ வாங்கித் தையல் நூலில் மாலை கட்டினார்கள். மணம் இல்லாத மாலை. பொன்னாடை லாங்ஸ்ட்ராஸவில் படக் கசற்றும் கறிவேப்பிலையும் ஒன்றாக விற்கும் கடையில் வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை வெயில் கொளுத்தியது. பச்சைக் கடதாசியில் செய்த தென்னோலைத் தோரணம், சிவப்பு இல்லம், நீல இல்லம், நாதஸ்வரம் ஒலிபெருக்கியில், வாளியில் குளுக்கோஸ் தண்ணீர், தோடம்பழத் துண்டுகள். ஓடி முடித்த பிள்ளைகள் தோலைப் பல்லில் கவ்விக்கொண்டு திரிந்தார்கள். நான் நூறு மீற்றரிலும் இருநூறு மீற்றரிலும் முதலாவதாக வந்தேன். பிரதம விருந்தினர் என் கழுத்தில் பதக்கம் போட்டுக் கன்னத்தைத் தட்டினார். அவருடைய நெற்றியில் சந்தனம் வேர்வையில் கரைந்து மூக்கில் வழிந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் பேச எழும்பினார். அவர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே. பெரியவர்களுக்கு அவ்வளவு டொய்ச், அதுதான் ஜெர்மன், வராது. அந்தக் காலத்தில் வைத்தியரிடம், வீட்டுக்காரனிடம், பொலிஸிடம் எல்லாம் நாங்கள்தானே வாயாக இருந்தோம். அப்பா என்னை மேடைக்குத் தள்ளினார். “வடிவாச் சொல்லு, பிள்ளை. அவருக்கு உன்னில ஒரு பிடிப்பு வரோணும்.”

அவர் ஒலிவாங்கியில் கதைத்தார். உணவு அருமை, உடுப்பெல்லாம் கண்ணைப் பறிக்கிறது, நீங்கள் அன்பான மக்கள். அதுவரை ஒழுங்காகத் தமிழில் சொன்னேன். பிறகு நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: “விளையாட்டுக்கு நிறம் கிடையாது. என் கழகத்தில் எல்லாப் பிள்ளைகளும் எனக்கு ஒன்றுதான்.”

ஒலிவாங்கி இரும்பு மணத்தது. அதை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு சொன்னேன்:

“இவர் சொல்லுறார், அஞ்சல் ஓட்டத்தில கடைசியா ஓடுறவளின்ர படம் பேப்பரில வருமாம். அதால, எவ்வளவு வேகமா ஓடினாலும், அந்த இடத்தில ஒரு கறுத்தப் பிள்ளை நிக்கக்கூடாதாம். எனக்கு இது விளங்குமாம்.”

சாமான் அறையில் அவர் ‘கறுப்பு’ என்ற சொல்லைப் பாவிக்கவில்லை. ஆனால் நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்.

தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்த அன்ரியின் கத்தி அந்தரத்தில் நின்றது. சொல்லிவிட்டேன், இனி யாராவது எழும்புவார்கள் என்று நினைத்தேன். ஜெனீவாவில் கத்திய அத்தனை தொண்டையும் அங்கேதான் இருந்தது. ஒரு ஆள் எழும்பினால் போதும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

எழும்பியது அறிவிப்பாளர் மாமா. என் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பறித்தார். ஒலிபெருக்கி கீச்சிட்டது.

“ஆகவே, அன்பார்ந்த பெற்றோர்களே, எமது பிரதம விருந்தினருக்குப் பலத்த கரகோஷம்!”

கை தட்டினார்கள், ஐயா. பலத்த கரகோஷம் என்று கேட்டதும் நம்மவர்களின் கை தன்பாட்டில் எழும்பிவிடும். விருந்தாளியின் மானம் போகக்கூடாதே. முதலில் ஒன்றிரண்டு, பிறகு முழு மைதானமும். சிலர் எழும்பி நின்றும் தட்டினார்கள். முன்வரிசையில் என் அப்பா முகம் வெளிறித் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு மேடைக்கு வந்து பொன்னாடையைப் போர்த்தினார். பயிற்சியாளருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு கையையும் கூப்பி நாலு பக்கமும் கும்பிட்டார். அவருக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. அவர் மேலிருந்த கோபத்தில் பாதி அன்றைக்கு என் சொந்தச் சனத்தின் மேல் திரும்பியது. அதில் கொஞ்சம் இன்னும் மிச்சமிருக்கிறது, கோயிலில் கண்டு நான் முகத்தைத் திருப்பினால் காரணம் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னா, “சபையில மானத்தை வாங்கிப் போட்டாய்.” அப்பா சட்டையை மாற்றாமல் கதிரையில் போய் இருந்தார். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் தொலைபேசி அடித்தது. பயிற்சியாளர்தான். இவ்வளவு மரியாதையை வாழ்நாளில் கண்டதில்லை, நான் யோசித்துப் பார்த்தேன், கடைசி ஓட்டத்தை உங்கள் மகளே ஓடட்டும் என்றார். அப்பா தொலைபேசியை வைத்துவிட்டு எழும்பி நின்றார். முகமெல்லாம் பல்.

“பாத்தியோ? நீ என்ன குழப்படி செய்தும் மாலை வேலை செய்திட்டுது.”

அதைத்தான் என்னால் தாங்கமுடியவில்லை. என் கால் எனக்குப் பெற்றுத் தராததை ஒரு கார்னேசன் மாலை பெற்றுத் தந்துவிட்டது. வேகமாக ஓடியதற்காக என்று சொல்லித் தந்திருந்தால் பறந்திருப்பேன். அம்மா அன்றைக்குப் பாயாசம் காய்ச்சினா. நான் தொடவில்லை.

செவ்வாய்க்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் அவர் கோலை என்னிடம் நீட்டினார். “நான் ஓடமாட்டேன்” என்றேன். ஏன் என்று கேட்டார். “உங்களிடம் மாலையோடு நிற்கிற படம் இருக்கிறதே, அதையே பேப்பருக்குக் கொடுங்கள்” என்றேன். இதை அங்கேயே சொன்னேனா, அல்லது பிறகு குளிக்கும்போது யோசித்தேனா என்று இப்போது நிச்சயமில்லை. சொன்னேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கழகத்தின் மஞ்சள் சட்டையைக் கழற்றி மெத்தையில் போட்டுவிட்டு வந்தது மட்டும் சத்தியம்.

“வந்த சீதேவியைக் காலால உதைச்சுப் போட்டாய்” என்று அம்மா கன நாள் புலம்பினா. அப்பா மாதக்கணக்கில் என்னோடு கதைக்கவில்லை. இறுதிப் போட்டிக்கு வேலியோரம் நின்று பார்த்தேன். வைத்தியரின் மகள் நாலாவதாக வந்தாள். பாவம், அவளில் எனக்குக் கோபமில்லை. ஆனால் பயிற்சியாளர் தொப்பியால் தொடையில் அடித்ததைப் பார்த்தபடி ஒரு முழுத் தோடம்பழத்தை ஆறுதலாக உரித்துச் சாப்பிட்டேன். அந்த இனிப்பு மாதிரி ஒன்றை அதற்குப் பிறகு நான் சாப்பிட்டதில்லை.

பிறகு தனியாக ரயிலேறிச் சூரிச்சில் ஒரு கழகத்துக்குப் போனேன். அங்கே பயிற்சி கொடுத்தவள் ஒரு இத்தாலியக்காரி, கட்டடத் தொழிலாளியின் மகள். பேர் ஊர் ஒன்றும் கேட்கவில்லை. “ஓடிக் காட்டு” என்றாள். ஓடிக் காட்டினேன். “கடைசியில் ஓடு” என்றாள். அவ்வளவுதான். ஒரு பிள்ளையிடம் கேட்கவேண்டியது அவ்வளவுதானே.

அடுத்த வருட இறுதிப் போட்டியில் கோல் என் கைக்கு வரும்போது நாங்கள் மூன்றாவது. முன்னால் ஒரு மஞ்சள் சட்டை. அதைக் கண்டதும் என் காலுக்குள் யாரோ நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. முந்தும்போது மூச்சு வாங்கின நேரத்திலும் சிரித்தேன். முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் அவர் மணிக்கூட்டோடு நின்றார். நேராக அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கோட்டைத் தாண்டினேன். பேப்பரில் என் படம் வந்தது, பல்லெல்லாம் தெரிய. கீழே எங்கள் ஊரின் பெயர் போட்டிருந்தார்கள். அங்கேதானே குடியிருந்தேன். அதற்குப் பிறகும் வருடா வருடம் அவரைத் தேடித் தேடி வென்றேன்.

போதாதா என்று கேட்பீர்கள். போதாது. தோற்றது அவருக்குத் தெரியும், ஏன் தோற்றார் என்று தெரியாது.

போன கிழமை அந்தக் கழகத்தின் இப்போதைய தலைவி அழைத்தாள். இளம்பிள்ளை, நல்ல குரல். பயிற்சியாளருக்கு வயது போய்விட்டதாம், ஆள் திடமாகத்தான் இருக்கிறாராம். ஓடுதளத்தைப் புதுப்பித்து, வாசலில் அவருடைய பெயரை வைக்கப்போகிறார்களாம். பொன்னாடையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கழக அறையில் மாட்டியிருக்கிறாராம். ஒரு சின்னத் தமிழ்ப்பிள்ளை என் பேச்சை எவ்வளவு அழகாக மொழிபெயர்த்தாள் தெரியுமா, சனம் எழும்பி நின்று கை தட்டியது என்று இத்தனை வருடமும் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அந்தப் பிள்ளைதான் விழாவில் வாழ்த்துரை சொல்லவேண்டும் என்பது அவருடைய ஆசையாம்.

உடனே ஓம் என்றேன். இதைக் கேட்ட உங்களில் ஒருத்தி சொன்னாள், கிழவன், போகிற காலத்தில் விடு என்று. ஏன் விடவேண்டும்? அந்த ஓடுதளத்தில் இப்போது ஓடுவது யார் என்று போய்ப் பாருங்கள். எரித்திரியப் பிள்ளைகள், கொசோவோப் பிள்ளைகள், நம்முடைய பேரப்பிள்ளைகள். அதுகள் ஒவ்வொரு நாளும் அந்தப் பெயருக்குக் கீழால் நுழையவேண்டுமாம். பெயரை வைக்கிறவர்கள் அந்தச் சாமான் அறையில் என்ன சொல்லப்பட்டது என்று தெரிந்துகொண்டு வைக்கட்டும். ஊர்ச்சபை, பேப்பர்காரர், கழகம் எல்லோரும் இருக்கத்தக்கதாக, அவர்களுடைய பாஷையிலேயே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்லப்போகிறேன். பிறகும் பெயரை வைப்பார்களென்றால், வைத்த கை யாருடையது என்று பார்த்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். எண்பதை எட்டிவிட்டார், அம்மா போனபிறகு தனியாக இருக்கிறார், சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு கிடைத்துப் பல வருடம். இன்றைக்கும் மெதுவாகத்தான் கதவைச் சாத்துவார். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு நாளும் கதைத்ததில்லை. நேற்று அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன், பேசப்போவதையும் சொன்னேன். தொலைபேசியைப் பிழையாக அமத்திவிட்டாரோ என்று நினைத்தேன்.

“அப்பா, கேக்குதோ?”

“ஓம்.”

“நான் கதைக்கக்கூடாது எண்டு சொல்லப்போறீங்களோ?”

“எத்தினை மணிக்குப் பிள்ளை?”

“சனிக்கிழமை பத்து மணிக்கு. ஏன்?”

“என்னையும் கூட்டிக்கொண்டு போ. முன்வரிசையில எனக்கொரு கதிரை பிடிச்சு வை” என்றார் அப்பா. “நீ சொல்லேக்க அவன்ர முகம் எனக்கு வடிவாத் தெரியோணும்.”